பெயரின்றிப் பதியப்பட்ட அறுவர்

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1861 இல் நிறுவப்பட்டது. எம்.ஐ.ரி. எனும் சுருக்கப் பெயரால் உலகறிந்த கல்விக்கூடம் அது. எனினும், அங்கு பயின்றும் பணியாற்றியும் வந்த கறுப்பின மக்களின் வரலாறு நெடுங்காலம் முறையாகத் தொகுக்கப்படாதிருந்தது.

1972 இல் அங்கு பணியில் சேர்ந்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரே இக்குறையைப் போக்க முனைந்தார். 1995 இல் கறுப்பர் வரலாற்றுத் திட்டத்தைத் தொடக்கினார். பழைய ஆவணங்கள் தேடப்பட்டன. ஆவணங்கள் மட்டும் போதா என்பதை உணர்ந்த அவர், மாணவர், பேராசிரியர், ஊழியர் எனப் பலரையும் நேரிற் கண்டு, அவர்தம் அனுபவங்களைக் கேட்டுப் பதிந்தார். 75 இற்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகள் 2001 இல் பெருநூலாக வெளிவந்தன. முதியோர் மறையுமுன் அவர்களைப் பேசவைத்தமையே இம்முயற்சியின் தலையாய பயன் என்போம்.

இவ்வரலாற்றில் முன்னிற்பவர் ரொபேர்ட் ரெயிலர். 1892 இல் கட்டடக்கலையிற் பட்டம் பெற்ற அவரே அக்கழகத்தின் முதற் கறுப்பினப் பட்டதாரி. அவருடைய தந்தையார் அடிமையாகப் பிறந்து, தச்சுத் தொழிலால் முன்னேறியவர். மகனோ அலபாமா மாநிலத்திலுள்ள ரஸ்கீகீ கல்விக்கூடத்திற்குச் சென்று, கறுப்பின மாணவர்க்கான கட்டடங்களுக்கு வரைபடம் அமைத்தார். செங்கல் சுட்டதும் சுவர் எழுப்பியதும் அம்மாணவர்களே! 2015 இல் அமெரிக்க அஞ்சற்றலை ஒன்றில் ரெயிலரின் உருவம் பொறிக்கப்பட்டது.

ஆனால் பெருமைக்குரியவற்றை மட்டும் தொகுத்தால் அது வரலாறாகாது. வரலாற்றாசிரியர் கிரெய்க் வைல்டரின் வழிகாட்டலில் மாணவர்கள் 2017 இல் மற்றொரு தேடலைத் தொடங்கினர். கழகத்தை நிறுவிய வில்லியம் பார்ட்டன் றோஜர்ஸ், முன்னர் வேர்ஜினியாவில் வாழ்ந்த காலத்தில் அடிமைகளை வைத்திருந்தார் என்ற உண்மையைக் கழகமே 2018 இல் பகிரங்கப்படுத்தியது. 1850 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அடிமைகள் அட்டவணையில், அவருடைய பெயரின் கீழ் அறுவர் காணப்படுகின்றனர். மனிதர் வெறும் இலக்கமாவது எத்தகையது என்பதை, அகதி விண்ணப்பக் கோவைகளோடு அலைந்த நம்மவர் ஓரளவேனும் அறிவர். அவ்வட்டவணையிலோ அடிமைகளின் பெயரைக் கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. உடைமையாளரின் பெயர் முழுமையாக எழுதப்பட்டது. அறுவருக்கும் எழுதப்பட்டவை வயது, பால், நிறம் என்பனவே.