வானொலியும் தொலைபேசியும்

1964 மே 27 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தன் பழைய நண்பர் ரிச்சர்ட் ரஸ்ஸலைத் தொலைபேசியில் அழைத்தார். ரஸ்ஸல் செனட்டின் ராணுவக் குழுத் தலைவர். சமாதானவாதி என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். வியட்நாமைப் பற்றிப் பேச்சு வந்தபோது இருவரிடமும் நம்பிக்கையின் சாயல்கூட இல்லை. அதே நாளில் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடம் ஜான்சன் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: அந்த நாட்டுக்காகச் சண்டை போடுவது தகுமென்று தோன்றவில்லை, அங்கிருந்து வெளியேறவும் முடியுமென்று தோன்றவில்லை. இவ்வளவும் அதிபர் மாளிகையிலேயே ஒலிநாடாவில் பதிவாயின. பதினான்கு மாதங்களில் அதே மனிதர் வியட்நாமில் இருக்கும் அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கையை 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். பதவியை விட்டு இறங்கியபோது அது ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வியட்நாமில் அமெரிக்கா தெரியாமல் போய் மாட்டிக்கொண்டது என்ற வாதம் இந்த ஒலிநாடாக்களுக்கு முன் நிற்காது. தெரிந்தே போனார்கள். ஜான்சனுக்கு அருகில் வைத்துப் பார்க்கத் தோதான மனிதர் பிரான்ஸின் சார்ல் டி கோல். அவரும் தான் தொடங்காத ஒரு போரின் நடுவே ஆட்சிக்கு வந்தவர்தான். அல்ஜீரியாவைப் பற்றி மனதில் நினைத்தது ஒன்று, மேடையில் சொன்னது வேறொன்று என்று அவரும் சில காலம் ஓட்டினார். ஆனால் நான்கே ஆண்டுகளில் அந்தப் போரை முடித்தார்.

கணக்குப் பார்த்தால் ஜான்சனுக்குத்தான் வெளியேறுவது எளிதாக இருந்திருக்க வேண்டும். வியட்நாம் அமெரிக்க மண் அல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அமெரிக்கக் குடியேறிகள் யாரும் இல்லை. அல்ஜீரியாவின் கதையோ வேறு. 1848 முதல் அது சட்டப்படி பிரான்ஸின் ஒரு பகுதி. அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியர்கள் வீடும் தோட்டமும் கல்லறைகளுமாக வேரூன்றி இருந்தார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் படையினர் களத்தில் இருந்தார்கள். போதாததற்கு, டி கோலை ஆட்சிக்குக் கொண்டுவந்ததே அல்ஜீரியாவை விடமாட்டோம் என்று கொடிபிடித்த கூட்டம்தான். 1958 மே 13 அன்று அல்ஜியர்ஸில் குடியேறிகள் அரசுக் கட்டடத்தில் புகுந்தார்கள். தளபதிகள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பாரீஸிலேயே பாராசூட் படை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் நான்காம் குடியரசு ஆடிப்போனது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதவியில்லாமல் ஒதுங்கியிருந்தவரிடம் நாடாளுமன்றம் ஆட்சியை ஒப்படைத்தது. ஜூன் 4 அன்று அல்ஜியர்ஸ் மக்கள் கூட்டத்தின் முன் கைகளை உயர்த்தி, "உங்களைப் புரிந்துகொண்டேன்" என்றார் அவர். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதைப் புரிந்துகொண்டார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அரசியல் வரலாற்றில் இவ்வளவு சாமர்த்தியமான ஏமாற்று அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கையாண்ட கருவிகளில் காணலாம். ஜான்சனின் கருவி தொலைபேசி. செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த காலத்திலேயே அவருடைய முறை பிரசித்தம்: எதிரே இருப்பவரின் தோளைப் பிடித்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, கெஞ்சி, மிரட்டி, ஆசைகாட்டி, அவருடைய தொகுதிக்கு வேண்டியதைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதை வாங்கிவிடுவார். நேரில் முடியாதபோது தொலைபேசி. 1964இன் குடிமை உரிமைச் சட்டம் தென் மாநில செனட்டர்களின் நீண்ட முட்டுக்கட்டையைத் தாண்டி நிறைவேறியது இந்தத் திறமையால்தான். எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனை வழிக்குக் கொண்டுவந்தது தனிக் கதை. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்பது அவர் அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம்.

அந்தப் பாடத்தை அவர் வடக்கு வியட்நாமின் தலைவர் ஹோ சி மின்னுக்கும் பொருத்திப் பார்த்தார். 1965 ஏப்ரல் 7 அன்று பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில், மீகாங் ஆற்றுப் படுகையின் வளர்ச்சி உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியத் திட்டங்களுக்கு 100 கோடி டாலர் தரத் தயார் என்றார். அணை, மின்சாரம், விவசாயம். டெக்சாஸின் வறண்ட மேட்டுநிலத்துக்கு மின்சாரம் கொண்டுவந்ததைத் தன் வாழ்நாள் சாதனையாக நினைத்த மனிதரின் உண்மையான ஆசை அது. அவரைப் பொறுத்தவரை ஹோவும் இன்னொரு செனட்டர். ஆனால் நாட்டை ஒன்றிணைக்க முப்பது ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தவரிடம் அணைக்கட்டைக் காட்டி என்ன பேரம் பேசுவது?

டி கோலுக்குத் தனித்தனி ஆட்களைப் பேசிச் சரிக்கட்டும் பொறுமையும் இல்லை, விருப்பமும் இல்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையே ஒரு ஒலிவாங்கியின் முன் தொடங்கியது: 1940 ஜூன் 18, லண்டன், பிபிசி நிலையம். கட்சி இல்லை, படை இல்லை, அதிகாரம் இல்லை. குரல் மட்டும் இருந்தது. அல்ஜீரியாவிலும் அதே வழி. 1959 செப்டம்பர் 16 அன்று, அல்ஜீரியர்களுக்குத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமை உண்டென்று தொலைக்காட்சியில் அறிவித்தார். 1960 ஜனவரியில் அல்ஜியர்ஸ் தெருக்களில் குடியேறிகள் தடுப்பரண் எழுப்பியபோது, ராணுவ உடையில் திரையில் தோன்றினார். 1961 ஜனவரி 8 அன்று பொதுவாக்கெடுப்பு வைத்தார். நான்கில் மூன்று பங்கு வாக்குகள் அவர் பக்கம்.

அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஷால், சாலான், ஜூஓ, ஸெல்லர் ஆகிய நான்கு தளபதிகள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றினார்கள். மறுநாள் மாலை டி கோல் மீண்டும் ராணுவ உடை அணிந்து பேசினார்: இவர்களுடைய எந்த ஆணைக்கும் எந்த பிரெஞ்சு வீரனும் கீழ்ப்படியக் கூடாது. அப்போது டிரான்சிஸ்டர் ரேடியோ பரவத் தொடங்கிய காலம். கட்டாய ராணுவச் சேவைக்கு வந்திருந்த இளைஞர்கள் முகாம்களில் அதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேலதிகாரி சொல்வதா, அதிபர் சொல்வதா என்ற கேள்வி எழுந்தபோது பெரும்பாலோர் வானொலிக் குரலின் பக்கம் நின்றார்கள். சில நாட்களிலேயே கலகம் அடங்கிப்போனது. தளபதிகளுக்குத் தொலைபேசியில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. அவர்களுடைய தலைக்கு மேலாக அவர்களுடைய சிப்பாய்களிடமே பேசியதுதான் காரியத்தை முடித்தது.

ஜான்சன் தன் போரை மக்களிடமிருந்து மறைத்தார். மறைத்ததற்கு இருந்த காரணம் இழிவானதல்ல. அதுதான் அந்தக் கதையின் துயரம். 1965ஆம் ஆண்டுக் கோடையில் முதியோர் மருத்துவக் காப்பீடும் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறும் தறுவாயில் இருந்தன. போர் என்று உரக்கச் சொன்னால் காங்கிரஸ் பணத்தை அங்கே திருப்பிவிடும், ஏழைகளுக்கான திட்டங்கள் பாழாகும். வியட்நாமை விட்டுவிட்டாலோ, 1949இல் சீனாவைப் பறிகொடுத்ததாக முன்னாள் அதிபர் ட்ரூமனின் கட்சியை வறுத்தெடுத்தது போல் தன்னையும் வறுப்பார்கள். ஆகவே ஜூலை 28 அன்று, பெரிய உரை எதுவும் இல்லாமல், நண்பகல் செய்தியாளர் சந்திப்பில் படை அதிகரிப்பைச் சொல்லி முடித்தார். இரண்டு நாள் கழித்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட மிசௌரிக்குப் போனார்.

போருக்கென்று தனி வரி கேட்க அவருக்கு 1967வரை மனம் வரவில்லை. அதற்குள் சொன்னதற்கும் நடப்பதற்கும் இடையே விழுந்த பள்ளம் நாட்டுக்கே தெரிந்துவிட்டது. அவரிடம் நேராகச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. 1965 பிப்ரவரியில் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு குறிப்பு அனுப்பினார்: தேர்தலில் பெருவெற்றி பெற்றிருக்கிறோம், வலதுசாரிகள் தோற்றுக் கிடக்கிறார்கள், வெளியேறினால் அரசியல் நஷ்டம் மிகக் குறைவாக இருக்கும் ஆண்டு இதுதான். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, வியட்நாம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களிலிருந்து நெடுநாள் விலக்கம்.

டி கோலைத் தூக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை. அவருடைய நான்கு ஆண்டுகளின் முதற்பகுதியில் போர் இன்னும் கொடுமையாகவே நடந்தது. 1959இல் தளபதி ஷால் வகுத்த திட்டம் மலைப்பகுதிகளைச் சல்லடை போட்டது. கிராமவாசிகள் லட்சக்கணக்கில் முள்வேலி முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். சஹாராவில் எண்ணெய் இருந்தது, அணுகுண்டுச் சோதனைக்கு இடமும் இருந்தது. அந்தப் பாலைவனத்தைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளப் பார்த்ததில் பேச்சுவார்த்தை பல மாதம் இழுத்தது. 1961 அக்டோபர் 17 அன்று பாரீஸ் தெருக்களில் ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்று சேன் ஆற்றில் வீசியபோது ஆட்சியில் இருந்தது அவர்தான். இன்னும் பின்னால் போனால், 1945இல் இந்தோசீனாவை மீட்கப் படையும் ஆளுநரும் அனுப்பியவரும் அவரே. ஜான்சனின் கையில் சிக்கிய புலிவாலை முதலில் பிடித்த கைகளில் அவருடையதும் ஒன்று.

இரக்கத்தால் அவர் அல்ஜீரியாவை விடவில்லை. அது பிரான்ஸின் கால்விலங்கு என்று கணக்குப் போட்டார்: செலவு, மக்கள்தொகை, உலக அரங்கில் மதிப்பு. ஜான்சனோ இரக்கம் மிகுந்தவர். இருபது வயதில் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர். அவர்கள் பசியோடு பள்ளிக்கு வந்ததைக் கடைசிவரை மறக்காதவர். நல்ல மனம் போரை நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு பேரும் சங்கடமான சாட்சிகள்.

1962 மார்ச் 18 அன்று எவியானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை மாதம் அல்ஜீரியா விடுதலை பெற்றது. இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. அல்ஜீரியப் போர் வெடித்த 1954 நவம்பர் 1தான் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாளும். ஆனால் அதைச் சட்டப்படி உறுதிசெய்யும் ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 ஜூலைவரை ஒப்புதல் தரவில்லை. புதுச்சேரியின் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்துத் தீர்த்த விஷயம், அல்ஜீரியா போகும்வரை பாரீஸில் கிடப்பில் கிடந்தது. ஒரு குடியேற்றத்தை விட்டுக்கொடுப்பது அடுத்ததற்கு முன்மாதிரி ஆகிவிடும் என்ற அச்சம் அங்கே எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

இரு தலைவர்களின் பாதைகளும் நேராகவே மோதிக்கொண்டன. 1964 ஜூனில் ஜான்சனின் தூதராக ஜார்ஜ் பால் பாரீஸுக்கு வந்தபோது, ராணுவத்தால் வெல்ல முடியாது என்று டி கோல் சொல்லியனுப்பினார். 1966 செப்டம்பர் 1 அன்று கம்போடியாவின் புனோம் பென் விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தின் முன் அதையே உலகறியச் சொன்னார்: களத்தில் தங்கள் படையின் கை ஓங்கியிருந்தும் அல்ஜீரியாவில் பிரான்ஸ் சண்டையை நிறுத்தியது, அமெரிக்காவும் அப்படிச் செய்யலாம். அறிவுரை சரியானது. ஆனால் அமெரிக்கத் தலைமையிலான நேட்டோ படையமைப்பிலிருந்து அதே ஆண்டில்தான் பிரான்ஸை விலக்கிக்கொண்டிருந்தார் அவர். அப்படிப்பட்டவரின் வாயிலிருந்து வந்ததாலேயே வாஷிங்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஜான்சனும் ஒரே ஒருமுறை டி கோலின் வழிக்கு வந்தார். 1968 மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில், வடக்கு வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாகவும், இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் நாட்டுக்கே நேராகச் சொன்னார். தன் பதவியையே விலையாக வைத்த பேச்சு அது. மூன்றே நாளில் ஹனோய் பேச்சுக்கு இசைந்தது. மூன்றாண்டு ரகசியத் தூதுகளும் பேரங்களும் சாதிக்காததை ஒரு மாலைப்பேச்சு சாதித்தது. பேச்சுவார்த்தை முறையாகத் தொடங்கிய இடம் பாரீஸ், நாள் மே 13. அன்றைக்கு அதே நகரத்தில் மாணவர்களும் தொழிலாளர்களும் டி கோலின் பத்தாண்டு ஆட்சி போதும் என்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அவரும் தான் வைத்த வாக்கெடுப்பில் தோற்று, மறுநாளே பதவியை விட்டார். வியட்நாம் போர்நிறுத்த ஒப்பந்தம் 1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தானது. ஜான்சன் அதற்கு ஐந்து நாள் முன்பு இறந்துபோயிருந்தார்.

வானொலியில் பேசுகிறவர், கேட்போர் யார் என்பதையும் தானே தீர்மானிக்கிறார். எவியான் ஒப்பந்தத்தை ஏற்பதா என்று 1962 ஏப்ரல் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரான்ஸில் வாழ்பவர்களுக்கு மட்டுமே வாக்கு. அல்ஜீரியாவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டே பெட்டிகளோடு கப்பலேறினார்கள். பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து போரிட்ட அல்ஜீரிய முஸ்லிம்களான ஹர்கிகளுக்குக் கப்பலும் இல்லை. அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்தபின், அரசு ஏற்பாட்டுக்கு வெளியே அவர்களைக் கூட்டிவரும் அதிகாரிகள் மீது நடவடிக்கை பாயும் என்று 1962 மே மாதம் டி கோலின் அமைச்சர் லூயி ஜோக்ஸ் ஆணையிட்டார். பல்லாயிரம் பேர் தங்கள் ஊர்களிலேயே கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களில் பலர் தெற்கு பிரான்ஸில் முள்வேலிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டார்கள். அவர்களிடம் பிரெஞ்சு அதிபர் ஒருவர் மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பரில்தான்.