மைசூர் அரசி காட்டிய கை

எங்கள் ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். எல்லை அடிக்கடி மாறியதும் அதற்கொரு காரணம். கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் 1792-லும், ஓசூர் 1799-லும் மைசூரிடமிருந்து கம்பெனி வசமாயின. ஆகவே மைசூர் அரண்மனைச் சங்கதி எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரிதான்.

அந்தக் காலத்தில் பெரியம்மை கண்டால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகிக் காத்திருப்பார்கள். 1802 ஜூன் 14-ல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. அப்போது ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். யார் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்ததோ என்று பலரும் தயங்கினார்கள்.

மைசூர் அரச குடும்பம் இதில் முன்னால் நின்றது. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் மூன்று அரண்மனைப் பெண்கள் இருக்கிறார்கள். வலப்பக்கம் நிற்கும் இளம்பெண் சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டுகிறாள். அவள் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி தேவஜம்மணி என்றும், காட்டுவது ஊசி குத்திய இடம் என்றும் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் சொல்கிறார். அரசி குத்திக்கொண்டதைப் பார்த்து மக்களும் முன்வந்ததாக 1806 ஜூலை மாத ஆவணம் ஒன்று கூறுகிறது.

சென்னையில் நம் எல்லீஸ் துரை வேறு வழி பிடித்தார். அம்மைப்பால் பசு தந்த வரம் என்று சக்தியே தன்வந்திரியிடம் சொல்வதாகத் தமிழில் எழுதினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அம்மன் வாயில் வைத்த சொல் அவருடையது. அரசியோ தன் கையையே நீட்டினாள். எனக்கு அரசியின் வழிதான் பிடிக்கிறது.

இருநூறு ஆண்டு கழித்தும் அந்த வழி உதவியது. போலியோ சொட்டு மருந்தால் மலடாகும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பரவியபோது, இமாம்கள் தொழுகை முடிந்ததும் பேசினார்கள். மசூதி ஒலிபெருக்கியில் முகாம் பற்றி அறிவித்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் துணை நின்றது. 2011 ஜனவரி 13-க்குப் பிறகு நாட்டில் இயற்கைப் போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை.

ஆனாலும் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸப் வதந்தியைக் கேட்டுப் பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். நம் மாநிலத்தில் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இன்று ஓசூர் சிப்காட்டைச் சுற்றி பீகார், ஒடிசா, அசாம் குடும்பங்கள் ஏராளம். நம் ஊர்ப் பூசாரியையும் ஊர்க்கவுண்டரையும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களை அழைத்து வந்த மேஸ்திரியைத் தெரியும். தங்கள் மொழியில் பேசும் மௌல்வியையோ பண்டிதரையோ தெரியும். சுகாதாரச் செவிலியர் முதலில் அவர்களைப் பார்க்கட்டும். அந்தப் பெரியவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தையை முதலில் தூக்கி வந்தால், லைன் வீட்டுத் தாய்மார் பின்னாலேயே வருவார்கள்.