மரத்தழும்பும் வரலாற்று அளவுகோலும்

காடொன்று தன் பண்டைய நிலையினின்றும் எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளத்தல் இயலுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதிக் காடுகள் இவ்வினாவை வரலாற்று மாணவர் முன்னும் வைத்துள்ளன.

அக்காடுகளின் பழைய ஏடு மரமேயாகும். தரையோடு பரவும் சிறு தீ முதிர்ந்த பொண்டரோசா பைன் மரத்தைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அடிமரத்தில் தழும்பொன்றை விட்டுச் செல்லும். தழும்பு அமைந்த ஆண்டுவளையத்தைக் கொண்டு தீ நிகழ்ந்த ஆண்டினை அறியலாம். ஏ. ஈ. டக்ளஸ் வகுத்த மரவளையக் காலக்கணிப்பே இதற்கு அடிப்படையாகும். பல பைன் காடுகளில் இருபது ஆண்டுகளுக்கும் குறைந்த இடைவெளிகளில் தீ பரவியதெனவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வொழுங்கு அறுந்ததெனவும் தழும்புகள் சான்று பகருகின்றன.

அறுந்தமைக்குக் காரணங்கள் பல. தீயைப் பரப்பிய புல்லை மந்தைகள் மேய்ந்து தீர்த்தன. தீயிட்டு நிலத்தைப் பேணிய பழங்குடியினர் அகற்றப்பட்டனர். அவர்களை ஆளுதற்கென 1850 இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட சட்டம் புல்வெளிக்குத் தீயிடுதலைத் தண்டனைக்குரியதாக்கியது. 1910 ஆகஸ்டில் ஐடகோ, மொன்டானா மாநிலங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் எரிந்தபின், தீயை ஒழித்தலே வனத்துறையின் கொள்கையாக வலுப்பெற்றது. கண்ட தீயை மறுநாள் முற்பகல் 10 மணிக்குள் அடக்குதல் வேண்டுமென 1935 இல் வகுக்கப்பட்ட விதி 1978 வரை நிலைத்தது. இதற்கிடையில் இளமரங்கள் நெருங்கி வளர்ந்தன. சிறு தீயின் இடத்தைப் பெருந்தீ பற்றிக்கொண்டது.

இம்மாற்றத்தை எண்ணால் அளக்கும் முறை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. எடுத்துக்காட்டாக, முன்னர் இளங்காடு 20, திறந்த முதுகாடு 60, அடர்காடு 20 வீதமாக இருந்த நிலம், இன்று முறையே 10, 10, 80 வீதமாக உள்ளதெனக் கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் சிறிய எண்ணைக் கூட்டின் ஒப்புமை 40. எஞ்சிய 60 வீதமே விலகல். 33 வீதம் வரை முதலாம் வகுப்பு. 66 வரை இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு.

ஆயின், அளவுகோலாகக் கொள்ளப்படும் ‘முன்னர்’ எது? அது ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு முற்பட்ட காலம். பழங்குடியினர் இட்ட தீயும் அக்காலத்து நிலைமையின் பகுதியாகவே இம்முறையில் கருதப்படுகின்றது. எனவே அளக்கப்படுவது மனிதக் கை படாத இயற்கையினின்றும் ஏற்பட்ட விலகல் மாத்திரமன்று. ஒரு மக்களின் நிலப்பேணலை நிறுத்தியமையால் நேர்ந்த விலகலும் ஆகும். விலகலின் அளவை எண் கூறும். அவ்விலகல் யாரால், யாரை விலக்கியதால் நேர்ந்தது என்பதை வரலாறே கூறவேண்டும்.