வலிக்கு முன்னால் ஒரு தடயம்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து எழுந்ததுதான் 1954இல் அவர் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. 1980களில் சென்னைப் பெண்களை அதிகம் தாக்கிய புற்று, கருப்பை வாயில் வருவதுதான். பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே சிகிச்சைக்கு வந்தார்கள். தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. வெள்ளைப்படுதலையும் உதிரப்போக்கையும் வெளியில் சொல்லக் கூச்சம்.

வலிக்கு முன்னால் உடலில் ஏதாவது தடயம் கிடைக்குமா? அப்படிப்பட்ட தடயத்தைத்தான் 'பயோமார்க்கர்' என்கிறார்கள்.

இந்தப் புற்றுக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ் என்று 1970களில் ஆய்வாளர்கள் பலரும் சந்தேகித்தார்கள். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனோ மருவை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் குடும்பத்தைத் தேடினார். 1983இல் அதன் 16ஆம் வகையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையும் புற்றுக் கட்டிகளிலேயே அகப்பட்டன. கருப்பை வாய்ப் புற்றில் நூற்றுக்கு எழுபது இவ்விரண்டால் வருபவை. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸின் டி.என்.ஏ. முதல் தடயமானது. ஆனால் தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானாகவே அடங்கிவிடும். யாருக்கு அடங்காமல் புற்றை நோக்கிப் போகிறது? அதைச் சொல்ல வந்தது பி16 என்ற புரதம். செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பிரேக்கை வைரஸின் ஈ7 புரதம் அறுத்துவிடுகிறது. அறுந்தது தெரியாமல் மிதித்துக்கொண்டே இருக்கும் கால்தான் பி16. மிதிக்க மிதிக்க அது செல்லுக்குள் குவிகிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையிலான 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்த ஊர்களில், இந்தப் புற்றால் நேரும் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது சிறு தூரிகையால் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், கூச்சமும் தடையில்லை. ஆனாலும் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ முப்பது தாண்டிய ஒருத்தி கேட்பாள்: "எனக்குத்தான் ஒன்னும் வலிக்கலையே, எதுக்கு டெஸ்ட்டு?" அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வலிக்காத நாளில் போவதற்காகத்தான் அம்மா, இந்தச் சோதனையே பிறந்தது.