இருபது நிமிடத்தில் தீர்ந்திருக்கும்!

2003 அக்டோபர் 7 அன்று கலிபோர்னியா மக்கள் தங்கள் ஆளுநர் கிரே டேவிஸை, பதவிக்காலம் முடியும் முன்பே ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைத்தார்கள். அங்கே ஆளுநர் என்பவர் டெல்லி நியமித்து அனுப்பும் நம் ஊர் ஆளுநர் போன்றவர் அல்லர்; மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அமர்த்தும் ஆட்சித் தலைவர். 1921-இல் வடக்கு டகோட்டாவின் லின் ஃப்ரேசியருக்குப் பிறகு இப்படி வெளியேற்றப்பட்ட அமெரிக்க ஆளுநர் டேவிஸ்தான். பதினொரு மாதத்துக்கு முன்புதான் அவர் இரண்டாம் முறை வென்றிருந்தார். மின்வெட்டும் பட்ஜெட் பற்றாக்குறையும் அவரைக் கவிழ்த்தன என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டையும் தாங்க முடியாத பாரமாக்கியது, கசப்பான சேதியைக் காலம் கடந்து சொன்ன அவருடைய பேச்சு என்பதே என் வாதம்.

மின் நெருக்கடியின் விதை அவர் போட்டதல்ல. 1996-இல், முந்தைய ஆளுநர் பீட் வில்சன் காலத்தில், மின்சந்தை திறந்துவிடப்பட்டது. நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் விலைக்கு வரம்பு இல்லை. வீடுகளுக்கு விற்கும் விலைக்கு மட்டும் வரம்பு இருந்தது. 2000-இல் கொள்முதல் விலை எகிறியதும் மின் நிறுவனங்கள் கடனில் மூழ்கின. 2001 ஜனவரியில் வட கலிபோர்னியா இருண்டது. டேவிஸ் நெருக்கடி நிலை அறிவித்தார். அரசே மின்சாரம் வாங்கியது. 4,000 கோடி டாலருக்கும் மேலான நீண்டகால ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இத்தனைக்கும் நடுவில், கட்டணத்தை உயர்த்துவதென்றால் இருபது நிமிடத்தில் பிரச்சினையைத் தீர்த்திருப்பேன் என்று பெருமையோடு பேசினார். மார்ச் இறுதியில் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை உயர்த்தியது. ஏப்ரல் 5 அன்று அவரே தொலைக்காட்சியில் தோன்றி, உயர்வு தவிர்க்க முடியாதது என்றார். அப்படியானால் இருட்டில் கழிந்த நாட்கள் எதற்காக என்று மக்கள் கேட்பதற்கு வழி செய்து கொடுத்தது அவருடைய சொல்லேதான்.

மின் வணிக நிறுவனங்களே குற்றவாளிகள் என்று டேவிஸ் சொன்னார்; என்ரான் போன்றவை சந்தையை வளைத்தது பின்னாளில் நிரூபணமானதே, அவர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரிதான். வாஷிங்டன் விலை வரம்பு விதிக்கத் தாமதித்தது என்ற அவர் புகாரும் நியாயமானதே. ஆனால் குற்றவாளி யார் என்று காட்டுவது வேறு, இனி நாம் தர வேண்டிய விலை என்ன என்று சொல்வது வேறு. முதலாவதை அவர் ஓயாமல் செய்தார், இரண்டாவதைத் தள்ளிப்போட்டார். பட்ஜெட்டிலும் இதே கதை. 2002 நவம்பரில் தேர்தல் முடிந்தது. ஆறு வாரம் கழித்து, பற்றாக்குறை ஏறக்குறைய 3,500 கோடி டாலர் என்றார். வரி வருவாய் மதிப்பீடுகள் அந்த மாதங்களில் நிஜமாகவே சரிந்துகொண்டிருந்தன. வேண்டுமென்றே மறைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தும், மின்கட்டணத்தில் ஒருமுறை சூடுபட்டவர்கள் அவருக்குச் சந்தேகத்தின் பலனைத் தரவில்லை. 2003-இல் வாகன உரிமக் கட்டணம் மும்மடங்கானபோது, அது வெறும் வரியாக அல்ல, இன்னொரு ஏமாற்றாகவே பார்க்கப்பட்டது.

டேவிஸின் இடத்துக்கு வந்த நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகரின் சினிமாக் கவர்ச்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்போரும் உண்டு. வாக்குச்சீட்டில் கேள்விகள் இரண்டு: டேவிஸை நீக்கலாமா, நீக்கினால் அடுத்தவர் யார்? முதல் கேள்விக்கே ஏறத்தாழ 55 சதவீதத்தினர் ஆம் என்றனர். கவர்ச்சி இரண்டாம் கேள்வியின் விடையைச் சுலபமாக்கியது; முதல் கேள்விக்கான கோபம் அதற்கு முன்பே திரண்டிருந்தது.

வாக்கெடுப்புக்கு முன், 2003 ஆகஸ்ட் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பேசியபோது, மின் நெருக்கடியில் தாமதமாகச் செயல்பட்டதை டேவிஸ் ஒப்புக்கொண்டார். அதே உரையில் எதிர்க்கட்சி அதிகாரத்தைப் பறிக்கப் பார்க்கிறது என்றும் சாடினார். 2001-இல் வந்திருந்தால் பொறுப்பேற்பாக மதிக்கப்பட்டிருக்கும் வார்த்தை, பதவி ஆடும் வேளையில் வந்ததால் மன்றாட்டாகக் கேட்டது. தோல்வி இரவில் மட்டும் சுணக்கம் இல்லை: மக்கள் தீர்ப்பை ஏற்கிறேன், புதியவருக்கு ஒத்துழைப்பேன் என்று சொல்லி விலகினார், ஆட்சி மாற்றம் அமைதியாக நடந்தது.

தவற்றைக் காலம் கடத்தாமல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற இந்தப் பாடம் வென்றவருக்கே முதலில் தேவைப்பட்டது. 2005 நவம்பரில் ஸ்வார்ஸ்நேகர் மக்கள் முன் வைத்த நான்கு திட்டங்களும் தோற்றன. இரண்டு மாதத்துக்குள் சட்டமன்ற உரையில் தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2006-இல் மீண்டும் வென்றார். அந்தத் திருப்பத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)