காசோலையும் சிறைத் தண்டனையும்

கடனைத் திருப்பித் தராதவன் பழிக்கு ஆளாவான்; ஆனால் அவன் குற்றவாளியாவானா? நம் நாட்டு வணிக உலகில் இவ்வினாவிற்கு 1989ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஒரு புதிய விடை நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன் நிலைமை யாது? காசோலை பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இலேயே இயற்றப்பட்டதுதான். ஆயினும், கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பி வருமாயின், அதைப் பெற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தொகையைக் கேட்கலாம். அச்சட்டம் தந்த வழி அவ்வளவே. கொடுத்தவரைத் தண்டிக்க வேண்டுமாயின், பேச்சு வழக்கில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட 420ஆம் பிரிவை நாட வேண்டும். அங்கோ, காசோலையில் கையெழுத்திட்டபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று மெய்ப்பித்தாக வேண்டும். பிறர் நெஞ்சில் இருந்ததை மெய்ப்பித்தல் எளிதன்று. சரக்கை அனுப்பிவிட்டுக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் சிறு வணிகர் என் செய்வார்?

1988இல் நாடாளுமன்றம் 138ஆம் பிரிவைச் சேர்த்தது. ஏமாற்றும் எண்ணத்தை இனி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்மையால் திரும்பி, எழுத்து மூலம் அறிவிப்புப் பெற்ற 15 நாட்களுக்குள்ளும் தொகை செலுத்தப்படாவிட்டால், அது குற்றம். அன்பளிப்புக் காசோலை இதில் அடங்காது. ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனையின் உச்ச வரம்பு, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஈராண்டாயிற்று. அபராதம் காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை செல்லலாம். காசோலை கம்பெனியினுடையதாயின், அக்காலத்தில் அதன் தொழிலை நடத்தும் பொறுப்பிலிருந்தவரும் கூண்டில் ஏற வேண்டும். கம்பெனி வேறு, தாம் வேறு என்று அவர் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

காசோலைக்கு மதிப்புக் கூடியது மெய்யே. ஆனால் நீதிமன்றங்கள் நிரம்பின. வழக்கை ஆறு திங்களில் முடிக்க முயல வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. 2019 முடிவில் நிலுவையிலிருந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள்! வழக்கு முடியுமுன்பே தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடு பெற 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. என் கருத்தில், காத்திருக்கும் வணிகருக்குச் சிறைத் தண்டனையினும் பயன் தருவது இதுவே.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். தொழில் நடத்துவோர் சுமையையும் நீதிமன்றச் சுமையையும் குறைக்க எண்ணி, இக்குற்றத்தைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கலாமா என 2020 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் கருத்துக் கேட்டது. வேண்டாம் என்று மறுத்தோருள் வணிகர் அமைப்புகளே இருந்தன. 2023இல் 42 சட்டங்களில் 183 விதிகளின் கடுமையைத் திருத்திய ஜன் விஸ்வாஸ் சட்டமும் 138ஆம் பிரிவைத் தொடவில்லை.