கேரவன் வண்டிகளில் துப்பாக்கி: அமெரிக்கச் சட்ட வரலாறு

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் கேரவன்கள் படுக்கை, சமையல் மேடை, கழிவறை கொண்ட பயண வண்டிகள். இவற்றில் துப்பாக்கி வைத்திருப்பதற்கென்று தனிக் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. ஓடும்போது வாகனத்துக்குரிய விதிகளும், நிறுத்திக் குடியிருக்கும்போது சில மாநிலங்களில் வீட்டுக்குரிய விதிகளும் பொருந்துகின்றன.

தொடக்கம்

மதுவிலக்குக் காலத்தில், 1925-இல் வந்த கரோல் வழக்கில், தக்க காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே காரைச் சோதனையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1967-இல் கலிபோர்னியாவின் மல்ஃபோர்ட் சட்டம், பொதுச் சாலைகளில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வாகனத்தில் கொண்டு செல்வதைத் தடை செய்தது. கருப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஓக்லாந்தில் ஆயுதத்துடன் ரோந்து சென்றதே இதற்குத் தூண்டுதல். கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

கார்னி தீர்ப்பு

கேரவன் வீடா, வண்டியா என்ற கேள்வி 1985-இல் கார்னி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சான் டியாகோ நகரில் வாகன நிறுத்தத்தில் நின்ற ஒரு கேரவனுக்குள் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் நுழைந்து கஞ்சாவைக் கைப்பற்றியிருந்தனர். சாவியைத் திருப்பினால் ஓடக்கூடிய நிலையில், பொதுச் சாலைக்கு எட்டும் இடத்தில் நிற்பதால் அது வண்டியே, எனவே கரோல் வழக்கின் விதி அதற்கும் பொருந்தும் என 6-3 என்ற கணக்கில் தீர்ப்பானது. மின், குடிநீர் இணைப்புடன் நிலையாக நிற்கும் கேரவன்களைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. வழக்கு போதைப்பொருள் பற்றியது என்றாலும், இந்தச் சோதனை அதிகாரம் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

மாநிலம் விட்டு மாநிலம்

1986-இன் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடியவர் இடைப்பட்ட மாநிலங்களைக் கடந்து செல்ல வழி செய்தது. துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. ஓட்டுநர் பகுதியிலிருந்து பிரிந்த அறை இல்லாத வண்டியில் இரண்டையும் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டாஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் இதற்குச் செல்லாது. காரின் டிக்கியை மனதில் வைத்து எழுதியதுபோல் அமைந்த இந்த விதி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தால் படுக்கைக்கே நடந்துவிடக்கூடிய கேரவனில் பூட்டுப் பெட்டியைக் கட்டாயமாக்குகிறது.

பிற்கால மாற்றங்கள்

டெக்சாஸ் 2007-இல், குடியிருப்பாகப் பயன்படும் கேரவனை உரிமையாளரின் சொந்த இடமாகவே கருதும் விளக்கத்தைச் சட்டத்தில் சேர்த்தது. தேசியப் பூங்காக்களில் துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கட்டி வைக்க வேண்டும் என்றிருந்த பழைய விதி 2010 பிப்ரவரி 22-இல் மாறி, பூங்கா அமைந்துள்ள மாநிலத்தின் சட்டமே அங்கும் செல்லுபடியானது. பூங்காவின் அரசுக் கட்டடங்களுக்குள் தடை தொடர்கிறது.

அலாஸ்காவுக்குச் சாலை வழியாகச் செல்பவர்கள் கனடாவைக் கடக்க வேண்டும். அங்கே கைத்துப்பாக்கிக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. வேட்டைத் துப்பாக்கியையும் எல்லையில் அறிவித்தாக வேண்டும்.

2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு, வீட்டுக்கு வெளியே துப்பாக்கி ஏந்துவதும் அரசியலமைப்பு உரிமை என்றது. ஆயினும் ஒரு மாநிலம் தந்த உரிமத்தை மற்றொன்று ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. 1986 சட்டத்தின் பாதுகாப்பும் கடந்து செல்லும் பயணத்துக்கே உரியது. முகாமிட்டுத் தங்குபவர் அந்தந்த மாநிலச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவர்.